மீயொலிப் படத்தில் எதை நீக்குவது, எதை விடுவது?

சென்னையில் ஸ்கேன் எடுக்காமல் பிரசவ அறைக்குப் போகும் பெண்ணை இன்று பார்ப்பது அரிது. மயிலாப்பூர் நடேசன் சாலையில் உள்ள மெடிஸ்கேன் போன்ற பெயர்பெற்ற கரு மருத்துவ மையமானாலும் சரி, தி.நகரில் மருந்துக்கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறையில் நடக்கும் ஸ்கேன் சென்டரானாலும் சரி, காலையில் வரவேற்பறையில் கேட்கும் பேச்சு ஒன்றுதான்: "தண்ணி குடிச்சிட்டீங்களாம்மா? யூரின் நல்லா முட்டுனதும் சொல்லுங்க." சிறுநீர்ப்பை நிரம்பினால் குடல் விலகும். குடலுக்குள் இருக்கும் காற்று ஒலியை மறிக்காது. நீர் வழியே ஒலி கருப்பைக்குச் சிதறாமல் போய்வரும். கணினி வேலையைத் தொடங்கும் முன்பே படம் திருந்தத் தொடங்கிவிடுகிறது. மருத்துவ மீயொலிப் படச் செயலாக்கம் பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலானவை இதையெல்லாம் தாண்டிவந்து, திரையில் படம் விழுந்த பிறகு என்ன செய்யலாம் என்பதிலிருந்தே ஆரம்பிக்கின்றன. இந்தத் துறையின் பாதிக் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

திரையில் விழுவது ஒளிப்படம் அல்ல, கணக்கு. உடலின்மேல் வைக்கும் புரோபில் உள்ள மின்படிகங்கள் சில மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கின்றன. மென்திசுவில் ஒலி வினாடிக்கு 1540 மீட்டர் ஓடுகிறது என்று எல்லா இயந்திரங்களும் வைத்துக்கொள்கின்றன. 15 சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்ப ஏறத்தாழ 200 மைக்ரோவினாடி ஆகும். ஒரு படத்துக்கு 128 கோடுகள் என்றால் 25 மில்லிவினாடி, அதாவது வினாடிக்கு 40 படம். ஒலி போகிற வழியெல்லாம் தேய்ந்துகொண்டே போகிறது. 5 மெகாஹெர்ட்ஸ் ஒலி 10 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து திரும்பும்போது, தேய்மானம் மட்டுமே அதன் ஆற்றலை லட்சத்தில் ஒரு பங்காக்கிவிடும். அதை ஈடுகட்டத்தான் இயந்திரத்தின் பலகையில் வரிசையாக டிஜிசி குமிழ்கள் இருக்கின்றன. அப்படியும் வலுவான எதிரொலிக்கும் மெலிந்ததற்கும் இடையே ஆயிரம் மடங்கு வித்தியாசம் எஞ்சும். அதை மடக்கை எடுத்துச் சுருக்கி 256 சாம்பல் நிறங்களுக்குள் அடக்குகிறார்கள். மருத்துவரின் கண்ணுக்குப் படம் வருவதற்குள் இத்தனை கைகள் மாறிவிடுகின்றன. 1540 என்ற எண்ணும் ஓர் ஊகம்தான். கொழுப்பில் ஒலி 1450 மீட்டரை ஒட்டித்தான் ஓடுகிறது. பருமனான உடலில் படம் மங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1958-இல் கிளாஸ்கோவில் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டு, ஜான் மக்விகார், பொறியாளர் டாம் பிரவுன் மூவரும் வயிற்றுக் கட்டிகளை மீயொலியால் பார்த்து லான்செட்டில் எழுதியதிலிருந்து இந்தக் கதை தொடங்குகிறது. அன்றைய படங்களில் கறுப்பும் வெளுப்பும் மட்டுமே இருந்தன. சாம்பல் நிறப் படிகள் 1970-களில் வந்தபோதுதான் ஈரலையும் நஞ்சுக்கொடியையும் அவற்றின் இழையமைப்பை வைத்துப் பிரித்தறிய முடிந்தது. கூடவே ஒரு தொல்லையும் வந்தது, படம் முழுக்கப் பொடிப்பொடியாகத் தெரியும் கருப்பு வெள்ளைப் புள்ளிகள். ஸ்பெக்கிள் என்று பெயர்.

ஸ்பெக்கிள் இயந்திரக் கோளாறு அல்ல. ஒலியின் அலைநீளத்தைவிடச் சிறிய ஆயிரக்கணக்கான துகள்களில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் உண்டாக்கும் வடிவம் அது. அதே இடத்தை அதே கோணத்தில் மறுபடி எடுத்தால் அதே புள்ளிகள் அதே இடத்தில் வரும். தற்செயலான இரைச்சல் அப்படி வராது. 1978-இல் பர்க்ஹார்ட் இதன் புள்ளியியலை வகுத்துக் காட்டினார். முழுதாக வளர்ந்த ஸ்பெக்கிளின் வீச்சு ரேலே பரவலைப் பின்பற்றும்.

நீக்கும் முறைகளில் பல ரேடார்க்காரர்கள் வீட்டிலிருந்து வந்தவை. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் லீ 1980-இல் தந்த வடிகட்டி, 1982-இல் ஃபிராஸ்ட் தந்தது, பிறகு குவான் தந்தது ஆகிய மூன்றுமே ஒரு சிறு சதுரத்துக்குள் சராசரியும் பரவற்படியும் கணக்கிட்டு, சீரான இடத்தை வழவழப்பாக்கி, விளிம்பைத் தொடாமல் விட முயல்கின்றன. 1990-இல் பெரோனாவும் மாலிக்கும் வெப்பம் பரவும் சமன்பாட்டைப் படத்துக்குக் கொண்டுவந்தார்கள். விளிம்பு எதிர்ப்பட்டால் பரவல் நிற்கும். 2002-இல் யூவும் ஆக்டனும் அந்தச் சமன்பாட்டை ஸ்பெக்கிளுக்கென்றே திருத்தினார்கள். அலைத்துணுக்குகளாகப் பிரித்துச் சிறியவற்றை வெட்டும் வேவ்லெட் முறை, படத்தில் தொலைவில் இருக்கும் ஒத்த துண்டுகளைத் தேடிச் சராசரி எடுக்கும் முறை, 2015-க்குப் பிறகு நரம்புவலை என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். அதை முழுக்க எழுதுவதில் பயன் ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது வேறு. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் எம்.இ. மாணவர்கள் எடுக்கும் தலைப்புகளில் மீயொலி ஸ்பெக்கிள் நீக்கம் நிரந்தரமானது. நடைமுறையும் ஏறக்குறைய ஒன்றே. ஒரு படத்தை எடுத்து, மேட்லேப்பின் இம்நாய்ஸ் கட்டளையால் ஸ்பெக்கிளைச் சேர்த்து, புதிய வடிகட்டியால் அதை நீக்கி, மூலப் படத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்று சொல்லும் பிஎஸ்என்ஆர் என்ற எண் எவ்வளவு உயர்ந்தது என்று அட்டவணை போட்டால் ஆய்வேடு முடிந்தது. அந்தக் கட்டளை சேர்ப்பது ஒவ்வொரு படப்புள்ளிக்கும் தனித்தனியே, சீரான பரவலில் எடுத்த எண்ணைப் பெருக்கிக் கூட்டிய இரைச்சல். உண்மையான ஸ்பெக்கிள் ரேலே பரவலில் வருவது. அதில் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை. ஆழத்துக்கு ஆழம் அதன் பருமனும் மாறும். மடக்கைச் சுருக்கத்துக்குப் பிறகு அது பெருக்கல் இரைச்சலாகவும் இருப்பதில்லை. ஆக, இல்லாத ஒரு நோய்க்கு மருந்து கண்டுபிடித்து, அந்த மருந்து வேலை செய்கிறது என்று நிரூபிக்கிறோம். மாணவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை. அவர்கள் கைக்குக் கிடைப்பது ஸ்கேன் சென்டர் ரிப்போர்ட்டிலிருந்து வெட்டியெடுத்த ஜேபெக் படம் மட்டுமே. எதிரொலியின் மூல அலை இயந்திரத்துக்குள்ளேயே கழிந்துபோகிறது.

வழவழப்பாக்குவதன் விலை என்ன என்று பார்க்க, முதல் மூன்று மாதத்து என்டி ஸ்கேன் நல்ல இடம். 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை, கருவின் பிடரித் தோலுக்கடியில் தேங்கும் நீரின் தடிமனை அளப்பது அது. லண்டனில் கிப்ரோஸ் நிகோலைடிஸ் குழு 1992-இல் அதற்கும் குரோமோசோம் கோளாறுகளுக்கும் உள்ள தொடர்பை வெளியிட்டது. அளவு 3.5 மில்லிமீட்டரைத் தொட்டால் மேல்பரிசோதனைக்கு அனுப்புவார்கள். 0.1 மில்லிமீட்டர் கணக்கில் அளக்கும் வேலை இது. இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே உள்ள கருப்பு இடைவெளிதான் அளவு. எதிரொலியைப் பெருக்கிக் காட்டும் கெயினைக் கூட்டினால் கோடுகள் தடித்து இடைவெளி குறுகும். அதனால்தான் கெயினைக் குறைத்துவைத்து, குறியைக் கோட்டின் மங்கலான ஓரத்தில் போடாமல் கோட்டின்மேலேயே போட வேண்டும் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லுகிறார்கள். மற்ற ஸ்கேன்களில் படத்தைத் தெளிவாக்கும் ஹார்மோனிக் முறையைக்கூட இங்கே தவிர்க்கச் சொன்னது உண்டு, கோடுகளைத் தடிக்க வைக்கும் என்பதால். பார்க்க அழகான படம் இங்கே ஒரு குடும்பத்தின் முடிவைத் தவறான பக்கம் திருப்பிவிடக்கூடும். ஒரு வடிகட்டி நல்லதா என்று கேட்டால், அதைப் போட்ட பிறகு இந்த இடைவெளி எத்தனை மைக்ரோமீட்டர் நகர்ந்தது என்பதே கேள்வி. பிஎஸ்என்ஆர் அதற்குப் பதில் சொல்லாது.

இன்னொன்று. மருத்துவர்கள் படத்தின் 'குற்றங்களை'ப் படித்தே நோயறிகிறார்கள். பித்தப்பைக் கல்லுக்குப் பின்னால் கருநிழல் விழும். நீர்க்கட்டிக்குப் பின்னால் வெளிச்சம் கூடும். நுரையீரலில் நீர் கோத்தால் மேலிருந்து கீழே வெள்ளைக் கோடுகள் ஓடும். பலகோணங்களிலிருந்து எடுத்த படங்களைச் சேர்த்து ஸ்பெக்கிளைக் குறைக்கும் கூட்டுப்பட முறை 1990-களின் பிற்பாதியில் சந்தைக்கு வந்தது. மார்பகக் கட்டியின் ஓரத்தை அது அருமையாகக் காட்டும், ஆனால் கல்லின் நிழலை மங்கச் செய்யும். அனுபவமுள்ள சோனாலஜிஸ்டுகள் பித்தப்பைக்குப் போகும்போது அந்தப் பொத்தானை அணைப்பது இதனால்தான். ஸ்பெக்கிளும் அப்படியே. இதயத் தசையின் புள்ளிகளைப் படத்துக்குப் படம் பின்தொடர்ந்தால் தசை எவ்வளவு சுருங்குகிறது என்று தெரியும். எக்கோ லேபில் இப்போது அது வழக்கமான அளவீடு. ஒருவர் தொல்லை என்று துடைத்தெறிவதை அடுத்த அறையில் இன்னொருவர் அளந்துகொண்டிருக்கிறார்.

அடையாறு சர்தார் படேல் சாலையில் அண்ணா பல்கலைக்கழகம், புற்றுநோய் ஆராய்ச்சி மையம், ஐஐடி மெட்ராஸ் மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இந்தியாவில் இப்படி ஒரு சாலை அரிது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-இல் தொடங்கிய புற்றுநோய் மையத்துக்கு வரும் பெண்களில் பலருக்கு முதல் கேள்வி, மார்பில் தட்டுப்படும் கட்டி கெட்டதா என்பது. இதற்கு ஐஐடி பக்கத்தில் ஒரு பதில் வளர்ந்துகொண்டிருக்கிறது, அதுவும் படத்தைத் துடைப்பதால் அல்ல.

1991-இல் ஹூஸ்டனில் ஜோனதன் ஒஃபிர் எலாஸ்டோகிராபியைக் கொண்டுவந்தார். புரோபால் இலேசாக, ஒரு சதவீத அளவுக்கு அழுத்தி, அழுத்துமுன்னும் பின்னும் வந்த மூல எதிரொலிகளை ஒப்பிட்டு, எந்த இடம் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிடுவது அந்த முறை. கடினமான இடம் குறைவாகச் சுருங்கும். ஒஃபிரின் ஆய்வகத்தில் வேலை செய்து, இன்று ஐஐடி மெட்ராஸில் மீயொலி ஆய்வகம் நடத்தும் அருண் திட்டை ஒரு படி மேலே போனார். கட்டி எவ்வளவு கடினம் என்று மட்டும் கேட்காமல், சுற்றியுள்ள திசுவோடு எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று கேட்டார். ஃபைப்ரோ அடினோமா என்ற தீங்கற்ற கட்டி விரலுக்கடியில் பலாச்சுளைக்குள் கொட்டை வழுக்குவதுபோல நகரும். புற்றுக்கட்டி வேர்விட்டு இறுக்கமாக நிற்கும். அழுத்தும்போது கட்டியின் ஓரத்தில் உண்டாகும் சறுக்குத் திரிபை மூல அலையிலிருந்து கணக்கிட்டு வண்ணத்தில் போட்டால், இந்த இரண்டும் வேறுவேறு வடிவமாகத் தெரியும் என்று அவரும் கூட்டாளிகளும் 2007 வாக்கில் காட்டினார்கள். வயதான அறுவை மருத்துவர் விரலால் உணர்வதைக் கணக்கில் பிடிக்கும் முயற்சி இது. 7.5 மெகாஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 0.2 மில்லிமீட்டர்தான். அதிலும் சிறு பின்னமான நகர்வை அளக்க வேண்டும். மடக்கை எடுத்துச் சுருக்கிய படத்தில் அலையின் கட்டமே இருக்காது, ஜேபெக்கை வைத்துக்கொண்டு இதில் ஒன்றும் செய்ய முடியாது.

அதே குழு மலிவான இயந்திரம் என்ற கேள்வியையும் எடுத்திருக்கிறது. 128 மின்படிகத்துக்கும் தனித்தனி மின்சுற்று வைப்பதால்தான் இயந்திரம் விலையேறுகிறது. விரியும் கற்றைகளைச் சில இடங்களிலிருந்து மட்டும் அனுப்பி, திரும்பி வருவதைக் கணினியில் சேர்த்துக் குவித்தால் குறைந்த மின்சுற்றில் ஒப்பான படம் வாங்கலாம். விளையாட்டு வீரர்களின் தசைக் காயத்தை மைதானத்திலேயே பார்க்கும் கையடக்க ஸ்கேனர் ஒன்றையும் ஐஐடி அறிவித்துள்ளது.

தரமணி ஆராய்ச்சிப் பூங்காவில் உள்ள ஐஐடியின் மருத்துவத் தொழில்நுட்ப மையம் எதிர்த்திசையில் போயிருக்கிறது. ஆர்ட்சென்ஸ் என்ற அவர்கள் கருவியில் படமே கிடையாது. ஒற்றை மின்படிகம் கழுத்துத் தமனியை நோக்கி ஒலி அனுப்புகிறது. திரும்பி வரும் அலையில் தமனியின் இரு சுவர்களையும் நிரல் தானே கண்டுபிடித்து, இதயத் துடிப்போடு அவை விரிந்து சுருங்குவதைப் பின்தொடர்ந்து, குழாய் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று எண்ணாகத் தருகிறது. இயக்குபவருக்கு ஸ்கேன் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. படச் செயலாக்கத்தைப் பற்றிய கட்டுரையில் படமில்லாத கருவியை ஏன் இழுக்கிறாய் என்று கேட்கலாம். நோயாளிக்கு வேண்டியது அளவு, மருத்துவருக்கு வேண்டியது முடிவு. படம் அதற்கு ஒரு வழி, ஒரே வழி அல்ல.

அளவு என்று வந்தால் கர்ப்பத்தின் வயதை விட்டுவிட முடியாது. தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடையெலும்பு நீளம் இவற்றைத் திரையில் அளந்தால் இயந்திரம் உடனே வாரமும் நாளும் சொல்லும். சென்னையின் குரோத் ஸ்கேன் ரிப்போர்ட்டுகளில் அடிக்கடி காணும் பெயர் ஹேட்லாக். 1980-களில் டெக்சாஸில், பெரும்பாலும் வெள்ளை இனத்துத் தாய்மார்களை அளந்து போட்ட சூத்திரம் அது. படத்தை எத்தனை துல்லியமாக வெட்டினாலும் கடைசியில் போய் உட்காரும் சூத்திரம் வேற்றூர்க்காரர்களுடையது. ஐஐடி மெட்ராஸின் ஹிமான்ஷு சின்ஹா குழுவும் ஃபரீதாபாத்தின் டிஹெச்எஸ்டிஐ நிறுவனமும் சேர்ந்து, குருகிராம் அரசு மருத்துவமனைத் தாய்மார்களின் தரவிலிருந்து கர்ப்பிணி-ஜிஏ2 என்ற மாதிரியை உருவாக்கி 2024-இல் வெளியிட்டார்கள். இரண்டாம், மூன்றாம் மூன்று மாதங்களில் பிழை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது என்று அறிவித்தார்கள். தென்னிந்தியத் தாய்மார்களிடமும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இதில் புதிய வடிகட்டி எதுவும் இல்லை. யாருடைய உடலை அளந்தோம் என்ற கேள்வியைச் சரியாகக் கேட்டதுதான் வித்தியாசம்.

நரம்புவலைகளின் வெற்றிக்கும் பலவீனத்துக்கும் அதே கேள்விதான் வேர். படத்தில் உறுப்பின் ஓரத்தைத் தானே வரைவது பழைய ஆசை. 1988-இல் 'பாம்பு' என்று பெயரிட்ட நெளியும் வளைகோடு வந்தது. ஸ்பெக்கிளில் சிக்கி அது வழிதவறும். 2015-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்கிலிருந்து யூ-நெட் என்ற நரம்புவலை வந்த பிறகு, சில நூறு படங்களில் பழக்கினாலே தலையின் ஓரத்தைப் பயிற்சி பெற்றவர் அளவுக்கு வரைகிறது. உலகமே பழகிய தரவுகள் எவை? கருவின் தலைக்கு, நெதர்லாந்தில் 551 தாய்மாரிடம் எடுத்த 1334 படங்கள். மார்பகத்துக்கு, கெய்ரோவில் 600 பெண்களிடம் எடுத்த 780 படங்கள். இந்த இரண்டாவது தொகுப்பில் ஒரே படம் திரும்ப வருவதும் குறியீட்டுப் பிழைகளும் இருப்பதைப் பின்னர் சுட்டிக்காட்டினார்கள். ஆனால் அதற்குள் எத்தனையோ கட்டுரைகள் அதன்மேல் 99 சதவீதத் துல்லியம் என்று கொடி நாட்டிவிட்டன. வேறொரு நிறுவனத்தின் இயந்திரத்தில் எடுத்த படத்தைக் காட்டினால் அந்த எண் சரியும். பயிற்சிக்கும் சோதனைக்கும் ஒரே நோயாளியின் படங்கள் கலந்திருக்கின்றனவா என்று பார்க்காமல் எந்தத் துல்லியச் சதவீதத்தையும் நம்ப வேண்டாம்.

இந்தியாவில் இந்த ஆராய்ச்சிக்கு இன்னொரு எல்லைக்கோடும் உண்டு. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு, 1996-இல் நடைமுறைக்கு வந்து, 2003-இல் திருத்தப்பட்டது. ஒவ்வொரு இயந்திரமும் பதிவாக வேண்டும். பதிவில்லாத இடத்துக்கு விற்கக் கூடாது. ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எஃப் படிவம் நிரப்ப வேண்டும். கையடக்கக் கருவியை நினைத்த இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கும் 2012 முதல் கட்டுப்பாடு. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் 943. இந்தச் சட்டம் அவசியம்தான். ஆராய்ச்சிக்கு இடைஞ்சல் என்று அலுத்துக்கொள்வோரோடு நான் சேரவில்லை.

ஆனாலும் சட்டத்துக்கும் தேவைக்கும் நடுவே ஒரு வாசல் தெரிகிறது. வட கரோலினா பல்கலைக்கழகக் குழு 2022-இல் ஒரு முடிவை வெளியிட்டது. அமெரிக்காவிலும் ஜாம்பியாவிலும், திரையைப் பார்க்காமல் வயிற்றின் மேல் புரோபைக் கோடுகோடாக இழுத்து எடுத்த பதிவுகளிலிருந்தே நரம்புவலை கர்ப்பத்தின் வயதைச் சொல்லியது, பயிற்சி பெற்றவரின் அளவீட்டுக்குக் குறையாத துல்லியத்தில். ஆர்ட்சென்ஸ் காட்டிய பாதையும் இதுவும் ஒன்றையே சொல்கின்றன. படத்தை யாருக்கும் காட்டாமல், சேமிக்காமல், வாரம், நஞ்சுக்கொடி இருக்கும் இடம், குழந்தையின் தலை மேலா கீழா என்ற மூன்றை மட்டும் சொல்லும் கருவி செய்ய முடியும். கிராம சுகாதார செவிலியர் கையில் அப்படி ஒன்றைத் தருவதென்றால் சட்டத்தைத் திருத்தாமல் நடக்காது. திருத்துமுன் அந்தக் கருவியைப் பிரித்துப் பார்த்தும் படத்தை வெளியே எடுக்க முடியாது என்று பொறியாளர்கள் நிரூபித்தாக வேண்டும். சென்னையில் எழுதப்படும் ஆய்வேடுகளில் பத்தில் ஒன்று ஸ்பெக்கிளை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினால் போதும்.

அதற்கு முன்னால் வேண்டியது தரவு. மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் நாள்தோறும் எடுக்கும் ஸ்கேன்களின் மூல அலைகளை, பெயரும் அடையாளமும் நீக்கி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு சேமித்துக் கல்லூரிகளுக்குத் திறந்துவிட ஒரு பொதுக் களஞ்சியம் வேண்டும். மருத்துவமனைகளும் சர்தார் படேல் சாலையின் ஆய்வகங்களும் சேர்ந்தால் அது முடியாத காரியம் அல்ல. அடுத்த முறை ஸ்கேனுக்குப் போகும்போது உங்கள் படத்தை ஆராய்ச்சிக்குத் தரலாமா என்று கேட்டு ஒரு ஒப்புதல் படிவத்தை நீட்டினால், பெயர் நீக்கப்படுமா, யார் கைக்குப் போகும், பிறகு வேண்டாமென்றால் திரும்பப் பெற முடியுமா என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் கையெழுத்துப் போடுங்கள்.